வெண்குன்றின் கல்லறை

இங்கிலாந்து நாட்டின் வில்ட்சயர் வட்டாரத்தில், ஏவ்பரி என்னும் சிற்றூருக்குத் தெற்கே, பசும்புல் போர்த்த குன்றுகள் அலையலையாய் எழுந்து தாழ்கின்றன. புல்லைச் சற்றே பெயர்த்தால் பாலென வெளுத்த சீமைச் சுண்ணாம்பு தெரியும். அத்தகைய குன்றொன்றின் முகட்டில், ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்திற்கு ஒரு மண்மேடு கிடக்கிறது. மேற்குக் கென்னட் நீள்மேடு என்பர். அதன் கீழைக்கோடியில் பெரும் பாறைகளை நிறுத்தி எழுப்பிய ஐந்து அறைகள், அறைகளிலே எலும்புகள்!

எழுப்பியவர் யார்? 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி என்பார், தாமே ஒரு பாதிரியார், ஏவ்பரிக் கல்வட்டத்தையும் ஸ்டோன்ஹெஞ்சையும் துரூயிடுகள் எனும் பழம் பூசாரிகளின் கோயில்கள் என்று நூல்கள் எழுதினார். கற்றோரும் நம்பினர். துரூயிடுகளைப் பற்றிய ஏட்டுச்சான்றோ கி.மு. கடைசிச் சில நூற்றாண்டுகளுக்கு அப்பால் செல்லவில்லை. மேடு எழுந்ததோ கி.மு. 3650 அளவில்! பூசாரியின் பெயரே பிறவாத காலத்தில், இரும்பறியாத உழவர் கூட்டம் மான்கொம்பால் சுண்ணாம்பை அகழ்ந்து உயர்த்திய மேடு அது.

1859இல் ஜான் தர்னம் என்னும் மருத்துவர் மேலை அறையைத் தோண்டினார். எஞ்சிய நான்கு அறைகளை 1955, 1956ஆம் ஆண்டுகளில் ஸ்டூவர்ட் பிக்கட்டும் ரிச்சர்டு அட்கின்சனும் திறந்தனர். முதலில் அங்கு வைக்கப்பட்டோர் ஏறத்தாழ 36 பேர். ஆண், பெண், முதியோர், மழலை என எல்லோரின் எலும்புகளும் அங்குக் கிடந்தன. மண்டையோடுகள் சில காணப்படவில்லை. எவரோ பின்னர் எடுத்துச் சென்றிருக்கக்கூடும். மணிமுடி தரித்த மன்னன் எவனும் அங்கில்லை.

தலைமுறை தலைமுறையாக, பல நூறு ஆண்டுகள் பிணங்களை ஏற்ற இடுகாடு இது என்றே அறிஞரும் நெடுநாள் கருதி வந்தனர். கரிமக் கணிப்பு அக்கருத்தைக் கவிழ்த்தது. 2007இல் வெளியான ஆய்வு, அம்முதல் அடக்கங்கள் யாவும் 10 முதல் 30 ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டன என்றது. ஒரு தலைமுறைக்காலம்! தந்தையை உள்ளே வைத்த கையே வாயிலை விட்டு விலகியிருக்கலாம். அதன்பின் நெடுங்காலம் அறைகளில் சுண்ணாம்புக் கல்லும் மண்ணும் கொட்டப்பட்டன. இறுதியில் மாபெரும் கற்கள் வாயிலை மறைத்தன.

அறையொன்றில் முதியவர் ஒருவரின் தொண்டையருகே இலைவடிவக் கல்லம்பு முனையொன்று கிடந்தது. எய்தவன் பகைவனோ, உறவினனோ, எலும்பு சொல்லவில்லை. ஆனால் அவரையும் உற்றார் சுமந்துவந்து, குனிந்து நுழைந்து, மற்றவர்களோடு சேர்த்தே கிடத்தியிருக்கின்றனர்.