கரிசலுக்கு வந்த காம்போஸ்

டயசிபம் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியாது. காம்போஸ் என்றால் தெரியும். கோவில்பட்டியிலிருந்து மேற்கே போகும் சாலையில் இருக்கிறது இளையரசனேந்தல். பழைய சங்கரன்கோவில் தாலுகா ஊர். அங்கே ஓர் ஆச்சியின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு அந்த மாத்திரை அட்டையின் துண்டும் கிடந்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

அது கிளம்பிய இடம் சாய ஆராய்ச்சி. 1930களில் போலந்தின் கிராக்கோவ் நகரில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற யூத வேதியியலாளர் புதுச் சாயம் தேடிச் சில சேர்மங்களோடு மல்லுக்கட்டினார். சாயம் தேறவில்லை. பிறகு சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவில் யூதர்கள் உயிருக்குப் பயந்து ஓடிய 1941இல் நிறுவனமே அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தது. மனப் பதற்றத்துக்கு மருந்து தேடும் வேலை வந்தபோது கிராக்கோவ் சரக்கைத் தூசி தட்டினார். ஒன்றும் வேலைக்காகவில்லை; மேலிடம் அவரை வேறு ஆராய்ச்சிக்கு மாற்றியது. 1957இல் ஆய்வகத்தை ஒழுங்கு பண்ணும்போது, சோதிக்காமலே கிடந்த ஒரு படிகம் உதவியாளர் ஏர்ல் ரீடரின் கண்ணில் பட்டது. குப்பைக்குப் போகவேண்டியது சோதனைக்குப் போனது. 1960இல் அது லிப்ரியம். அதன் தம்பிதான் 1963இல் வந்த வேலியம், அதாவது டயசிபம்.

இந்தியாவில் ரான்பாக்ஸி அதைக் காம்போஸ் என்று விற்றது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே என்றது. பல கம்பெனிகள் தயாரித்தன, விலை விழுந்தது. மாத்திரை பஸ் ஏறிக் கிராமத்துக்கு வந்தது அப்படித்தான்.

வந்த இடத்தில் தூக்க மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயரே அதற்குப் பிடித்த கெடுதல் என்பேன். தூக்கம் அதன் வேலைகளில் ஒன்றுதான். மூளையில் 'போதும், அடங்கு' என்று நரம்புகளை அமர்த்துகிற காபா என்ற வேதிப்பொருளுக்கு இது கைகொடுக்கிறது. அதனால்தான் இரும்பு கிழித்த புண்ணில் ரணஜன்னி கண்டு, உடம்பு வில்லாக வளைந்தவர்களின் தசையை இளக்க ஆஸ்பத்திரியில் இதை ஊசியாக ஏற்றினார்கள். நிற்காத வலிப்புக்கும், குடியை விட்டவரின் நடுக்கத்துக்கும் இதுவே. இதன் உறவுக்கார மருந்தான மிடசோலத்தை, வலிப்பு வந்த குழந்தையின் மூக்கில் பீய்ச்ச வீட்டிலேயே கொடுத்துவைக்கிறார்கள்.

பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்ததும் கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறவர்களுக்கு, முந்தின இரவும் பல் பிடுங்க ஒரு மணி நேரம் முன்பும் சிறு அளவு டயசிபம் கொடுப்பதுண்டு. வலியைப் போக்குவது இதுவல்ல; அதற்கு ஈறில் போடும் மரப்பு ஊசி வேண்டும். இது பயத்தின் பல்லைத்தான் பிடுங்குகிறது. ரத்தக்குழாயில் மிடசோலம் ஏற்றினால் நடந்ததே பலருக்கு நினைவிருக்காது. ஆனால் டயசிபம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். பல்லைப் பிடுங்கிவிட்டுத் தானே பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம் என்று நினைக்கக்கூடாது. துணைக்கு ஆள் வேண்டும். அன்றைக்குச் சாராயம் கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

பெயர் செய்த கெடுதலுக்கு வருகிறேன். தூக்க மாத்திரைதானே என்று பக்கத்து வீட்டில் கடன் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஐயையோ தூக்க மாத்திரையா என்று, வலிப்புக்கு எழுதியதைப் பரணில் போடுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும். வயதானவர்கள் ராத்திரி எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார்கள். 2014 மார்ச் முதல் இது எச்1 பட்டியலில் இருக்கிறது: டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் தரக்கூடாது, நோயாளியின் பெயரைத் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும்.

பல வருடமாகத் தினமும் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். சுருக்குப்பையில் இருக்கும் அட்டையோடு டாக்டரிடம் போங்கள். வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும்.