நாலு விரல் இறக்கம்

பழைய அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கூரை இல்லாத ஒரு கிழட்டு ஃபோர்டு கார். மட்கார்டு கிடையாது. பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர். பாய்வதற்கு முன் தலையைத் தாழ்த்தும் காளை மாதிரி முன்பக்கம் குனிந்திருக்கும். 'ஹாட் ராட்' என்று பேர். அந்தக் குனிவு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். வாகனக் கடன் ஃபைல்களோடு காலம் தள்ளுகிற எனக்கு, ஒரு நாட்டின் சாலைக் கதையே கையில் கிடைத்தது.

கதை ஹென்றி ஃபோர்டிடம் ஆரம்பிக்கிறது. மாடல் டி 1908-ல் வந்தது. 1927-ல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார்கள். வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். அன்றைய அமெரிக்க கிராமத்துச் சாலை என்றால் மழையில் சேறு, வெயிலில் வண்டித் தடம். அதனால் காரை நம்ம மாட்டு வண்டி மாதிரி உயரமாக நிறுத்தினார்கள். முன்னால் ஒரே இரும்பு உத்தரமாக அச்சு, அதன் மேல் வில் போலக் குறுக்கே ஒரு பிளேட் ஸ்பிரிங். அந்த உயரம் அழகுக்காக வந்ததில்லை, சேற்றுக்காக வந்தது.

பிறகு 1916-லும் 1921-லும் மத்திய அரசு நெடுஞ்சாலைகளுக்குப் பணம் கொடுக்கச் சட்டங்கள் போட்டது. கான்கிரீட்டும் தாரும் பரவின. 1932-ல் ஃபோர்டு எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார். 65 குதிரைத் திறன், அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் பிடிவாதக்காரர்! குறுக்கு ஸ்பிரிங்கையும் உத்தர அச்சையும் மட்டும் விடவே இல்லை. 1948 வரைக்கும் ஃபோர்டு கார்கள் அதே அமைப்போடுதான் வந்தன.

சாலை மாறிவிட்டது, கார் மாறவில்லை. இந்த இடைவெளியில்தான் பையன்கள் நுழைந்தார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் முரோக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் உண்டு. களிமண் காய்ந்து மேஜை மாதிரி கிடக்கும் மைல்கணக்கான வெளி. 1930-களின் பொருளாதார மந்தத்தில் புதுக் கார் வாங்கக் காசில்லாதவர்கள், பழைய ஃபோர்டுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். எங்கள் வணிகவியல் பாஷையில் தேய்மானம் முழுக்கக் கழித்தாகிவிட்ட சொத்து. 1937-ல் பல குழுக்கள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தைத் தொடங்கின. எடை குறைய மட்கார்டைக் கழற்றினார்கள். வண்டி தாழ்ந்தால் நிலையாக ஓடும், பார்வைக்கும் கம்பீரம். ஆகவே முன் அச்சில் கை வைத்தார்கள்.

எப்படி இறக்குவது? ஸ்பிரிங்கில் நாலு பிளேட்டை உருவிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். தாழும்தான். ஆனால் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆட இடமில்லாமல் சட்டத்தில் போய் இடிக்கும். அதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். நான் இருக்கும் நாக்பூரில் லாரிக்குப் பஞ்சமில்லை. நின்றுகொண்டிருக்கும் ஒரு லாரியின் முன்னால் குனிந்து பாருங்கள். அச்சின் நடுப்பகுதி தாழ்ந்தும், இரண்டு முனைகள் உயர்ந்தும் இருக்கும். ஃபோர்டு அச்சில் இந்த வளைவு கொஞ்சம்தான். அதைக் கழற்றி, முனைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, இழுத்து, மேல்நோக்கி வளைத்தார்கள். ஸ்பிரிங் தன் இடத்திலேயே இருக்கும். சக்கரம் மாட்டும் இடம் மட்டும் மேலே போகும். சக்கரம் மேலே போனால் கார் கீழே வருகிறது. இரண்டரை முதல் நாலு அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய நாலு விரல். சான் டியாகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் இந்த வேலையில் பேர் வாங்கி, கடைசியில் 'ஆக்சில்' ஸ்டூவர்ட் என்றே அழைக்கப்பட்டார்.

கேட்க எளிது. ஆனால் இழுத்த இரும்பு மெலியும். சூடும் ஆறலும் சரியில்லை என்றால் விரிசல் விடும். சக்கரத்தைத் திருப்பும் கையையும் சேர்த்து வளைக்காவிட்டால் டை ராட் போய் எதிலாவது உரசும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டும் நேராக ஓட்ட முடிகிறது? காரிலும் கிங் பின்னுக்கு அப்படி ஒரு சாய்வு உண்டு. 1932 ஃபோர்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 106 அங்குலம். முன்னால் மட்டும் 3 அங்குலம் இறக்கினால் வண்டி சுமார் 1.6 டிகிரி முன்னே கவிழ்கிறது, கிங் பின் சாய்வில் அவ்வளவும் போய்விடும் (கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி :-)). அதைத் திருத்தாமல் வேகமாகப் போனால் ஸ்டியரிங் அலையும். ஸ்பிரிங்கைச் சட்டத்துக்கு முன்னே தள்ளி மாட்டுகிற இன்னொரு முறைக்கு 'தற்கொலை' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வெல்டிங் விட்டால் அச்சு தனி, வண்டி தனி!

போர் முடிந்ததும் இந்தப் பையன்கள் ஊர்த் தெருக்களில் பந்தயம் ஓட்டினார்கள். பத்திரிகைகள் காலிகள் என்று திட்டின. சங்கம் என்ன செய்தது தெரியுமா? 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கண்காட்சி வைத்து, வேலைப்பாட்டை ஊருக்கே காட்டியது. 'ஹாட் ராட்' பத்திரிகையும் அதே மாதம்தான் பிறந்தது. அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பந்தயத்தைத் தெருவிலிருந்து திடலுக்குக் கொண்டுபோவதும், வண்டியைச் சோதித்த பிறகே ஓடவிடுவதும் அவர்கள் பிடித்த வழி. எனக்கு இந்த வரலாற்றில் பெரிதாகப் படுவது இதுதான். அச்சை வளைத்தவர்கள், அதை அடுத்தவன் வந்து பார்த்துக் குறை சொல்லவும் சம்மதித்தார்கள்.

நம்ம நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வங்கிக்காரனாக எனக்கு அதில் நிம்மதிதான். அடமானத்தில் உள்ள வண்டி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். எதிரே வருகிற வண்டியின் முன் அச்சை யார் காய்ச்சினார், யார் சோதித்தார் என்று தெரியாமல் எந்த நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓட்ட முடியும்? ஆனால் பட்டறையில் கையும் கண்ணும் உள்ள ஒருவர் முறையாகச் செய்து, சோதனைக்கு நிற்கத் தயாராக இருந்தால், அவருக்கும் ஒரு திடல் வேண்டாமா? தடை மட்டும் இருந்து திடல் இல்லாவிட்டால் வேலை இருட்டில்தான் நடக்கும்.

1949 மாடலில் ஃபோர்டு நிறுவனமே அந்த உத்தர அச்சைக் கைவிட்டு, தாழ்வான காரைக் கொண்டுவந்தது. உலையடியில் பையன்கள் சொன்னதைத் தொழிற்சாலை கேட்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.