திட்ட மேலாண்மையில் துறைசார் சங்கங்கள்

திட்ட மேலாண்மைத் துறைசார் சங்கங்கள் என்பவை, திட்ட மேலாளர்களை உறுப்பினர்களாகக் கொண்டு, அப்பணிக்கான அறிவுத்தொகுப்பு, தேர்வு, ஒழுக்க நெறி ஆகியவற்றை வகுக்கும் அமைப்புகள் ஆகும். ஊதிய உயர்வுக்காகப் போராடும் தொழிற்சங்கங்களிலிருந்து இவை வேறுபட்டவை. மருத்துவம், சட்டம் போன்று திட்ட மேலாண்மையையும் ஒரு தனித் தொழிலாக அரசும் பொதுமக்களும் ஏற்கச் செய்வது இவற்றின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

பின்னணி

மருத்துவராகப் பணிபுரிய உரிமம் தேவை. திட்ட மேலாளராகப் பணிபுரியப் பெரும்பாலான நாடுகளில் எந்த உரிமமும் தேவையில்லை. நல்ல நிரலாளர் ஒருவர், அல்லது அனுபவம் மிக்க கட்டடப் பொறியாளர் ஒருவர், ஒரு நாள் அப்பதவியில் அமர்த்தப்படுவதே வழக்கம். எனவே ஒருவருக்கு இப்பணி தெரியுமா என்பதை வெளியில் உள்ளவர் அறிய வழியில்லாதிருந்தது. இவ்வெற்றிடத்தையே சங்கங்கள் நிரப்ப முற்பட்டன.

தோற்றம்

1950களின் இறுதியில் தீர்வழி முறை, பெர்ட் ஆகிய கால அட்டவணை நுட்பங்கள் உருவாயின. இவற்றைப் பயன்படுத்தியோர் தமக்குள் கருத்துப் பரிமாறக் கூடியதே சங்கங்களின் தொடக்கம் எனலாம். ஐரோப்பாவில் 1965 இல் தோன்றிய அமைப்பு, 1967 இல் வியன்னாவில் தன் முதல் உலக மாநாட்டை நடத்தியது. இதன் அன்றைய பெயர் 'இன்டர்நெட்' என்பதாகும்! கணினி வலையமைப்பு அப்பெயரால் புகழ்பெற்ற பின்னர் இது பன்னாட்டுத் திட்ட மேலாண்மைச் சங்கம் (ஐ.பி.எம்.ஏ) என அறியப்படலாயிற்று. அமெரிக்காவில் திட்ட மேலாண்மை நிறுவகம் (பி.எம்.ஐ) 1969 இல் நிறுவப்பட்டது. அதன் தொடக்கக் கூட்டம் அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்றது. பிரித்தானியாவின் திட்ட மேலாண்மைச் சங்கம் (ஏ.பி.எம்) 1972 இல் உருவானது.

அறிவுத்தொகுப்பும் சான்றிதழும்

ஒரு தொழிலுக்கு அதற்கே உரிய அறிவு இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. பி.எம்.ஐ 1983 இல் ஒழுக்க நெறி, தர வரையறை, கல்வி அங்கீகாரம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பி.எம்.பி சான்றிதழ்த் தேர்வு தொடங்கியது. 'பிம்பாக்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அறிவுத்தொகுப்பு வழிகாட்டியின் முதற் பதிப்பு 1996 இல் வெளிவந்தது. இது பின்னர் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் ஏற்பையும் பெற்றது.

பி.எம்.பி தேர்வை எழுதப் பட்டம் மட்டும் போதாது. பட்டதாரிகள் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவத்தைக் காட்டவேண்டும். தேறியவரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொடர்ந்து கற்றதற்கான 60 புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். ஒழுக்க நெறியை மீறியவரின் சான்றிதழைப் பறிக்கவும் சங்கத்தால் இயலும். எனினும் அவர் பணிபுரிவதை அதனால் தடுக்க இயலாது. மருத்துவப் பேரவைகளுக்கும் இச்சங்கங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

ஐ.பி.எம்.ஏ வேறு வழியைப் பின்பற்றுகிறது. அது அறிவைவிடத் தகுதிறனுக்கு முதன்மை அளித்து நான்கு நிலைகளில் சான்றளிக்கிறது. மேல்நிலைகளில் விண்ணப்பதாரரை மதிப்பீட்டாளர்கள் நேரில் வினவுகின்றனர்.

அரச பட்டயமும் வழக்கும்

பிரித்தானியாவில் ஒரு தொழில் முழு ஏற்பைப் பெற்றதன் அடையாளம் அரச பட்டயம் ஆகும். ஏ.பி.எம் இதனைப் பெற முயன்றபோது எதிர்ப்பு மற்றொரு சங்கத்திடமிருந்தே வந்தது. துறையின் பெரும்பான்மையோரை ஏ.பி.எம் உறுப்பினராகக் கொண்டிருக்கவில்லை என்றும், ஒரு சங்கத்துக்கு மட்டும் பட்டயம் அளிப்பது போட்டியைப் பாதிக்கும் என்றும் கருதிய பி.எம்.ஐ நீதிமன்றத்தை நாடியது. உயர் நீதிமன்றம் 2014 இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 இலும் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தன. பட்டயம் 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பட்டயத் திட்டப் பணியாளர் பதிவேடு திறக்கப்பட்டது. பதிவேட்டில் இடம்பெறாதவரும் அங்கு திட்ட மேலாளராகப் பணிபுரியலாம். பட்டயப் பெயரைத்தான் பயன்படுத்த முடியாது.

அமெரிக்காவில் ஏற்பு சட்டத்தின் வழியே வந்தது. பி.எம்.ஐ ஆதரித்த சட்டமொன்றில் அதிபர் ஒபாமா 2016 திசம்பரில் கையொப்பமிட்டார். நடுவண் அரசுப் பணியில் திட்ட மேலாளர்களுக்கான பணிவகையையும் திறன்களையும் வரையறுக்க அது ஆணையிட்டது.

விமர்சனங்கள்

அறிவுத்தொகுப்பை எழுதுவதும், அதில் தேர்வு நடத்துவதும், அதற்குக் கட்டணம் பெறுவதும் ஒரே அமைப்பு என்பது அடிக்கடி கூறப்படும் குறை. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஏ.பி.எம்மின் தலைவராக இருந்த பீட்டர் மோரிசு, பிம்பாக் செயலாக்கத்தில் மட்டும் கவனம் குவித்து, எத்திட்டத்தை ஏன் மேற்கொள்வது என்னும் தொடக்கநிலை முடிவுகளைப் புறக்கணிப்பதாக வாதிட்டார். 2021 இல் வெளிவந்த பிம்பாக் ஏழாம் பதிப்பு, பழைய செயல்முறைப் பட்டியலை விடுத்துக் கொள்கைகளை முன்வைத்தது. ஆயினும் தேர்வு மையத்தில் விடையளிக்கத் தெரிந்தவர், காலந்தாழ்ந்த திட்டத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லத் துணிவாரா என்பதை எந்தத் தேர்வும் இதுவரை அளந்ததில்லை.

இந்தியாவில் ஐ.பி.எம்.ஏவின் உறுப்பு அமைப்பு ஒன்றும், சென்னை உட்படப் பல நகரங்களில் பி.எம்.ஐ கிளைகளும் உள்ளன. இங்கும் சான்றிதழ் சட்டப்படி கட்டாயமன்று.