பாலைவனத்தில் ஒரு பர்ச்சேஸ் லிஸ்ட்

எங்கள் சிவில் டிபார்ட்மெண்ட் சர்வே லேபுக்கு ஜி.பி.எஸ். ரிசீவர் வாங்கப் போகிறார்கள். "எத்தனை வேணும், எந்த மாடல்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொண்டு வாப்பா" என்றார் சார். லேசான வேலைதானே என்று உட்கார்ந்தேன். தேடப் போன இடத்தில், இதே லிஸ்ட்டை நேரத்தோடு போடாமல் விட்டு மாட்டிக்கொண்ட ஒரு பெரிய டிபார்ட்மெண்ட்டின் கதை கிடைத்தது. அமெரிக்க ராணுவம்!

ஜி.பி.எஸ். அவர்களே உருவாக்கியதுதான். செயற்கைக்கோள்கள் ரகசியக் குறியீடு கொண்ட துல்லியமான சிக்னலை ராணுவத்துக்கும், சாதாரண சிக்னலைப் பொதுமக்களுக்கும் அனுப்பின. எதிரி பயன்படுத்திவிடக் கூடாதே என்று 1990 மார்ச்சில் பொதுமக்கள் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். அதனால் காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகும்.

அதே வருடம் ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அமெரிக்கப் படைகள் சவுதிப் பாலைவனத்தில் போய் இறங்கின. அங்கே மரமில்லை, ரோடில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். வழி தவறினால் எதிரியின் துப்பாக்கி முன்னாலோ, நம்மவர் பீரங்கி முன்னாலோ போய் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் கையில் போதுமான ரிசீவர் இல்லை! ரகசியக் குறியீட்டைப் படிக்கும் முதுகுச்சுமை ரிசீவர் சுமார் 17 பவுண்டு எடை. விலை சுமார் 45,000 டாலர். அவசரத்துக்குத் தயாரித்துக் குவிக்கவும் முடியாது. எனவே டிரிம்பிள் நிறுவனத்தின் சிறிய ரிசீவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். எடை சுமார் 4 பவுண்டு, விலை சுமார் 4,000 டாலர். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சில வீரர்கள் வீட்டுக்கு எழுதி, கடையில் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னார்களாம்.

போர்க்களத்துக்குப் போனவற்றில் சுமார் 4,500 கடைச்சரக்கு. ராணுவ ரகம் 850-ஐத் தொடவில்லை.

இங்கேதான் வேடிக்கை. கடைச்சரக்குக்கு ரகசிய சிக்னல் புரியாது. எதிரிக்கு வைத்த பிழை சொந்த வீரர்களையே குழப்பும். வேறு வழியில்லாமல் அந்தப் பிழையையே நிறுத்தி வைத்தார்கள். ரகசியம் காக்கப் போட்ட பூட்டைத் தாங்களே திறந்துவிட்டார்கள். 1991 பிப்ரவரி 24-ல் தரைப்போர் தொடங்கியபோது, அடையாளமே இல்லாத அந்த மணலில் படைகள் வழி கண்டுபிடித்துப் போனதில் இந்தச் சின்னப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

போர் முடிந்ததும் பிழையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1993-ல் ராக்வெல் காலின்ஸ் நிறுவனத்திடம், ரகசியக் குறியீட்டையும் படிக்கிற, 3 பவுண்டுக்கும் குறைவான கையடக்க ரிசீவருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முன்னாடியே யோசித்திருக்க வேண்டிய லிஸ்ட்! 2000 மே மாதம் பொதுமக்களுக்கான பிழையும் ஒரேயடியாக நின்றது. இன்று நம் மொபைல் சரியான தெருவைக் காட்டுவது அதனால்தான்.

எனக்குப் புரிந்தது இதுதான். "எது சிறந்தது" என்று மட்டும் பார்த்து லிஸ்ட் போட்டால் போதாது. எத்தனை பேர் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறார்கள், தேவைப்படும் நாளில் கைக்கு வருமா என்றும் கேட்க வேண்டும்.

என் முதல் லிஸ்ட்டில் சென்டிமீட்டர் துல்லியம் காட்டும் விலையுயர்ந்த செட் இரண்டு எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இப்போது அது ஒன்று. மிச்சப் பணத்தில் டீமுக்கு ஒன்றாகச் சாதாரண கையடக்க ரிசீவர்கள். சார் என்ன சொல்வாரோ தெரியவில்லை. நீங்களாக இருந்தால் எப்படிப் போடுவீர்கள்?