எலும்புகள் அளித்த சாட்சியம்

மனித உடலின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் நாள்தோறும் தருமம் செய்தல் கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நிற்பதும் நடப்பதும், குனிந்து ஸுஜூது செய்வதும், ஒரு கவளம் உணவை மெல்லுவதும் எலும்புகளும் மூட்டுகளும் கூடி அளிக்கும் கொடையே. எலும்பு தானாக அசைவதில்லை. தசை சுருங்கி இழுக்கிறது, மூட்டு இடங்கொடுக்கிறது, எலும்பு நெம்புகோலாய் நின்று இயங்குகிறது. எனவே எங்கே மூட்டு உண்டு, எங்கே இல்லை என்று அறிவதே உடலியக்க அறிவின் தொடக்கமாகும். இந்த எளிய வினாவுக்கு விடை காண முஸ்லிம் அறிஞர் ஒருவர் மேற்கொண்ட முயற்சி மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றது.

அவர்தாம் அப்துல் லத்தீப் அல்-பக்தாதி. 1162-இல் பக்தாதில் பிறந்த அவர், இலக்கணம், ஹதீஸ், தத்துவம், மருத்துவம் ஆகிய துறைகளில் புலமை பெற்றவர். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆதரவைப் பெற்றவர். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். அவர் எகிப்தில் வாழ்ந்த காலத்தில், 1200-இல் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. விளைச்சல் பொய்த்தது, பஞ்சமும் அதன் பின்னே கொள்ளைநோயும் புகுந்தன. மனிதரை மனிதர் தின்ற கொடுமையையும் அவர் நேரிற் கண்டு எழுதி வைத்திருக்கிறார். புதைப்பார் இன்றி உடல்கள் குவிந்தன.

அந்நாளில் மருத்துவ மாணவர்க்கு வேதம்போல் விளங்கியவை, 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்கள். அரபு மக்கள் அவரை ஜாலீனூஸ் என்றழைத்தனர். அவர் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்தே உடற்கூற்றைப் பெரிதும் கற்றவர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது, அவை மோவாயில் உறுதியாக இணைந்துள்ளன என்பது அவர் கூற்று. ஆயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் அதனையே ஓதி வந்தனர்.

அப்துல் லத்தீபிடம் பயின்ற மாணவர்களுக்குக் கேலனின் உடற்கூற்று நூல் எளிதில் விளங்கவில்லை. சொல்லால் அறிவது வேறு, கண்ணால் காண்பது வேறு அல்லவா! கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் எலும்புகள் மேடாகக் குவிந்துள்ளன என்று கேள்வியுற்று, அவர்கள் அங்கே சென்றனர். கண்ணுக்குத் தெரிந்த உடல்களே இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை என அவர் மதிப்பிட்டார்.

அங்கே அவர் கண்ட கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதில் மூட்டுமில்லை, தையலுமில்லை. ஒன்றிரண்டு கண்டு அவர் முடிவு கட்டினாரல்லர். தாமும் பார்த்தார், பிறரையும் பார்க்கச் செய்தார். இவ்வாறு ஆராயப்பட்ட மண்டையோடுகள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். பூஸிரின் பழங்கல்லறைகளிலும் தேடினார். காலத்தால் இணைப்புகள் விட்டுப்போகும் பழைய எலும்புகளிலும் தாடை ஒன்றாகவே இருந்தது. கேலன் மிக உயர்ந்தவரே; எனினும் புலன்களின் சாட்சி அவரினும் நம்பத்தக்கது என்று அவர் எழுதினார்.

இதனினும் போற்றத்தக்கது அவர் அடுத்துச் செய்தது. முதுகுத்தண்டின் அடியிலுள்ள திரிக எலும்பும் வாலெலும்பும் சேர்ந்து ஆறு எலும்புகள் என்றார் கேலன். அப்துல் லத்தீப் முதலிற் கண்டது ஒரே எலும்பு. இங்கும் கேலன் தவறினார் என்று முழங்கியிருக்கலாம். அவரோ மேலும் தேடினார். மற்ற உடல்களில் கேலன் சொன்னவாறே ஆறு இருக்கக் கண்டார். ஆகவே தாடையைப் பற்றி உறுதி கூறுவதுபோல் இதனைப் பற்றிக் கூற இயலாது என ஒதுங்கிக்கொண்டார்.

அத்தயக்கம் முற்றிலும் நியாயமானது என இன்றைய அறிவியல் காட்டுகிறது. குழந்தைப் பருவத்தில் திரிகம் ஐந்து தனி முள்ளெலும்புகளாகவே இருக்கிறது. ஏறத்தாழ இருபத்தைந்து வயதுக்குள் அவை ஒன்றிவிடுகின்றன. வாலெலும்பின் அமைப்போ ஆளுக்கு ஆள் மாறுபடுவது. உடற்பாரத்தை இடுப்பின் வழியே கால்களுக்குக் கடத்த அந்த ஒற்றுமை தேவைப்படுகிறது. கீழ்த்தாடையும் பிறக்கையில் இரு பாதியே. முதலாண்டுக்குள் இணைந்து, மெல்லும் விசையைத் தாங்கும் ஒரே வளைவாகிறது. வளர்ந்தோரிடத்தில் அது ஒன்றே எனத் தெளிந்த அவர் பார்வை பிழையற்றது.

இக்குறிப்புகள் அடங்கிய நூல், அவர் எகிப்தைப் பற்றி எழுதிய 'அல்-இஃபாதா வல்-இஃதிபார்'. ஐரோப்பாவில் வெசாலியஸ் தாடை பற்றிய கேலனின் கூற்றைத் தம் நூலில் மறுத்தது 1543-இல். அப்துல் லத்தீபின் நூலோ இலத்தீன் மொழிபெயர்ப்புடன் 1800-இல்தான் ஆக்ஸ்போர்டில் முழுமையாக வெளிவந்தது. 1810-இல் பிரெஞ்சு மொழியிலும் வந்தது. முந்நூற்று நாற்பது ஆண்டுகள் முந்திய உண்மை ஏட்டிலேயே உறங்கிக் கிடந்தது.

அவ்வுண்மையை விளக்கியோர், பசியால் மடிந்து, ஜனாஸாத் தொழுகையும் கிட்டாது கிடந்த பெயரறியா ஏழைகள் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களின் எலும்புகள் அளித்த சாட்சியத்தை ஓர் அறிஞர் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி வைத்தார். முன்னோர்க்குச் செய்யும் மரியாதை கண்ணை மூடிக்கொள்வதன்று. அவர்கள் காணாததைக் கண்டால் சொல்வதும், தாம் தெளியாததைத் தெளியவில்லை எனச் சொல்வதுமே அறிவுக்குரிய அதபு ஆகும்.