பேரப்பிள்ளைக்கு வரிக் கழிவு உண்டா?

பேராக் ரப்பர் தோட்டங்களில் தாத்தா பாட்டி வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் ஏராளம். பெற்றோர் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில்; பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் லயத்தில் பாட்டியின் பொறுப்பில். மலாயாவில் 1947இல் சட்டமாகி 1948 முதல் வருமான வரி நடப்புக்கு வந்தபோதும், அதைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குப் பால்மரம் வெட்டியவருக்கு ஏது கூலி?

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதை எதிர்கொள்ளத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போ பக்கம் வந்தன. பிள்ளைகள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகள் மறுபடியும் பாட்டி மடியில். ஒரே வித்தியாசம், இந்தத் தாத்தாக்களில் பலர் சம்பளச் சீட்டு வாங்குபவர்கள், வரிப் பாரம் நிரப்புபவர்கள்.

இங்கேதான் சிக்கல். 1968இல் அமலுக்கு வந்த 1967 வருமான வரிச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் 'பிள்ளை' என்றால் சொந்தப் பிள்ளை, மாற்றுப் பிள்ளை, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை. பேரப்பிள்ளை அதில் இல்லை. பள்ளிக் கட்டணம், பால், மருந்து எல்லாம் தாத்தாவே கட்டியிருந்தாலும் இல்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான கழிவு 2,000 ரிங்கிட். ஆறு விழுக்காடு வரி கட்டுபவருக்கு அது 120 ரிங்கிட் மிச்சம். பெரிய தொகையல்லதான். அதே பேரன் கல்லூரிக்குப் போனால் கழிவு 8,000 ஆகிறது. அப்போது 480 ரிங்கிட்.

வழி ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு பெற்றால் பேரனும் 'பிள்ளை'. பாதுகாவலர் என்ற உத்தரவு மட்டும் போதாது. ஆனால் தத்தெடுத்தால் பெற்றவளின் உரிமை அற்றுப்போகும். மகளும் அவள் பெற்ற பிள்ளையும் ஏட்டில் உடன்பிறப்புகள் ஆகிவிடுவார்கள். 120 ரிங்கிட்டுக்காக எந்தப் பாட்டி அதற்குச் சம்மதிப்பாள்?

அமெரிக்காவில் ஆண்டில் பாதிக்கு மேல் கூடவே வாழும் பேரப்பிள்ளையை, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், சார்ந்திருப்பவராகக் காட்டலாம். மலேசியாவிலோ 2025 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் பெற்றோருக்கான மருத்துவச் செலவுக் கழிவில் தாத்தா பாட்டியும் சேர்க்கப்பட்டுள்ளனர். பேரன் தாத்தாவின் மருந்துச் செலவைக் காட்டலாம். தாத்தா பேரனின் பால் மாவைக் காட்ட முடியாது.