திரை மூடிய பின்பு



அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் வாழ்வையும் காதலையும் சொல்லும் ‘வாக் தி லைன்’ (2005) திரைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பிரசங்கியாராக விரும்பிய அவருடைய அண்ணன் ஜாக், 1944இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி மரித்தான். அப்போது ஜானிக்கு வயது 12. அந்தத் துக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. பின்னாளில் புகழ் வந்தது. மாத்திரைகளின் அடிமைத்தனமும் வந்தது. ஜூன் கார்ட்டரும் அவருடைய பெற்றோரும் அவரைக் கைவிடாமல் அருகிலிருந்து காத்தார்கள். 1968 மார்ச்சில் ஜானியும் ஜூனும் மணந்தனர். படம் ஏறக்குறைய அங்கே நிறைவடைகிறது.

சரித்திரமோ அங்கே நிற்கவில்லை. முதல் மனைவி விவியனும் நான்கு மகள்களும் சுமந்த வேதனையை, காதல் கதையின் இனிமையில் நாம் மறந்துவிடலாகாது. கேஷ் தம்பதியர் இயேசுவின் வாழ்வை இஸ்ரவேல் தேசத்திலேயே படமாக்கி 1973இல் வெளியிட்டார்கள். மகதலேனா மரியாளாக நடித்தவர் ஜூன். பத்து ஆண்டுகள் கழித்து, அதே ஜானி போதையிலிருந்து மீளச் சிகிச்சைக்குச் சென்றார். மறுதலித்த பேதுருவை அறிந்த உங்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. திரைப்படம் விட்டுவிட்ட இந்தப் பகுதியையே நான் பெரிதாக எண்ணுகிறேன்; மணமேடைக்குப் பின்னான 35 ஆண்டுகள் அதில்தான் இருக்கின்றன.

2003 மே மாதத்தில் ஜூன் மரித்தார். ஜானி துக்கத்தோடே பாடல்களைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். செப்டம்பரில் அவரும் கடந்துபோனார்.